ஜூம் வளையத்துப் புள்ளிகள்

துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, முன்பு அதன்மேல் மாட்டியிருந்த, குறிபார்க்கிற பழைய ஸ்கோப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் காணாமல் போயிருந்தார்.

"ஸ்கூட்டர நிறுத்திட்டு ஹெல்மெட்ட மட்டும் எடுத்துக்கிட்டு ஓடிப்போன மாதிரி இருக்கு சார்" என்றாள் சம்ரீன், மாடிப்படி ஏறும்போதே.

பீமராவ் அடுத்த படியில் கால் வைத்தார். திருச்சியில் தனியார் துப்பறியும் தொழில் நடத்துகிறவர் அவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறக்காமல் நடத்துகிறவர் அவர் ஒருவர்தான். பேசுவதற்கென்று சம்பளம் கொடுத்து சம்ரீனை வைத்திருக்கிறார் என்று பாலக்கரையில் அவளுடைய சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் அல்போன்சா. ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாத உடம்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"வாங்க சார். வாம்மா" என்றார். சொல்லும்போது சம்ரீனின் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாகவே பார்த்தார். புதுக் கம்மல் போட்டிருந்த சம்ரீன், யாராவது ஒருவர் கண்ணிலாவது பட்டதே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

இவர்கள் வேண்டாமென்றாலும் கேளாமல் டீச்சர் டீ போட்டார். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

"சொல்லுங்க டீச்சர். எப்பக் கிளம்பினாரு?" என்றார் பீமராவ்.

"வியாழக்கிழமை காலையில. டிபன் சாப்ட்டாரு. ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்னாரு. எங்கேன்னு கேட்டேன். வந்து சொல்றேன்னு சிரிச்சாரு. போனக்கூட சார்ஜ்ல போட்டது போட்டபடியே விட்டுட்டுப் போயிட்டாரு. இன்னிக்குச் சனிக்கிழமை."

காணாமல் போனவர் அவருடைய கணவர் சண்முகசுந்தரம். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் மெஷின்களோடு வாழ்ந்தவர். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியை அங்கேயே ஒரு கடைசல் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். காதலித்துக் கட்டிக்கொண்ட ஜோடி, பிள்ளைகள் இல்லை. கல்லூரியில் என்.சி.சி. மாணவியாக இருந்தபோது அல்போன்சா டீச்சர் ரைஃபிள் சுடுவதில் பதக்கம் வாங்கியவர். வேலை, வீடு என்று ஆன பிறகு விட்டுப்போனது. டீச்சர் பணி ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் சண்முகசுந்தரம் ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு வந்து நின்றாராம். உள்ளே ஏர் ரைஃபிள். அன்றிலிருந்து சனி ஞாயிறுகளில் மண்ணச்சநல்லூர் பக்கத்து ஷூட்டிங் கிளப்புக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள்.

"அவரும் சுடுவாரா?"

"பேருக்கு. என் கூட வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல."

"இன்ஸ்பெக்டர் வேற ஏதோ சொல்றாரு" என்றார் பீமராவ் தயங்கி.

"எனக்கும் சொன்னாங்க. கிளப்புல செக்ரட்டரி ஜெய்சங்கரோட ஏதோ வாக்குவாதமாம். உன்ன விடமாட்டேன்னு இவரு கத்துனதப் பத்துப் பேரு கேட்டிருக்காங்க. இவரு கத்துனாருன்னு சொன்னா நான் நம்பணுமா? வீட்டுல குக்கர் விசில் அடிச்சாலே சத்தத்தக் குறைன்னு சொல்ற மனுஷன் அவரு."

போலீசின் கணக்கு வேறாக இருந்தது. ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனவன் எங்காவது இன்னொரு துப்பாக்கி வைத்திருப்பான். அதுவுமில்லாமல், ஒரே தூரத்தில் இருக்கும் அட்டையைச் சுடுகிறவனுக்கு ஃபிக்ஸட் ஸ்கோப் போதுமே, இந்த ஆள் எதற்காகப் போன வருஷம் ஜூம் வாங்கினான்? தூரத்தை மாற்றி மாற்றிச் சுட நினைப்பவனுக்குத்தானே ஜூம்? இப்படிக் கேட்டுவிட்டு ஜெய்சங்கருக்கு ஒரு கான்ஸ்டபிளைக் காவலுக்குப் போட்டிருந்தார் இன்ஸ்பெக்டர்.

"ஜூம் எதுக்கு வாங்கினாரு டீச்சர்?"

அல்போன்சா காலி டம்ளர்களை எடுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு எப்பவும் பத்து மடங்கு ஃபிக்ஸட்தான் சார். அதுல திருகறதுக்கு ஒண்ணும் கிடையாது. நேத்துப் பாத்த அளவுதான் இன்னிக்கும். ஜூம்ல வளையத்தத் திருப்பிப் படத்தப் பெருசாக்கலாம், சிறுசாக்கலாம். ஆனா மட்டமான ஜூமா இருந்தா, திருப்புறப்போ குறியும் கூடவே ஒரு நூல் நகந்துடும். பெருசாக்குனா அட்டை மட்டுமா பெருசாகுது, நம்ம நடுக்கமும் சேந்து பெருசாகுது. இதெல்லாம் எனக்குச் சொன்னதே அவருதான். நகர்ற பாகம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்ல மெஷினும்பாரு. அப்படிப்பட்டவரு திடீர்னு ஒருநாள் ஜூம் வாங்கிட்டு வந்துட்டாரு. என்னன்னு கேட்டா, எனக்குக் கண்ணு மங்குது, நான் சுடறப்போ பெருசாக்கிக்கிறேன், உன் முறை வந்தா பழைய பத்துலயே வெச்சுத் தரேன்னாரு."

"வெச்சுத் தந்தாரா?"

"ஒவ்வொரு தடவையும் அவரு கையாலதான் திருப்பிக் கொடுப்பாரு."

பீமராவ் ரைஃபிளை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் அதில் மாட்டியிருந்த ஜூம் ஸ்கோப்பைப் பார்த்தார். சம்ரீனும் எட்டிப் பார்த்தாள். ஜூம் வளையத்தில் எண்கள் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். நேர்த்தியாக, தொழில் தெரிந்த கையால் பூசியது.

"நம்பர் பிளேட்ட மறைக்கிறது மணல் லாரிக்காரங்கதானே சார்" என்றாள் மெதுவாக.

வளையத்தை ஒட்டிய குழாயில் ஊசியால் குத்தியது போல வரிசையாகப் புள்ளிகள். இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரை போயின. முதலில் வைத்தவை மங்கியிருந்தன. கடைசியில் வைத்தது இன்னும் பளபளத்தது. வளையத்தின் சின்ன மேடு அந்தக் கடைசிப் புள்ளிக்கு நேராக நின்றது. அதற்கு மேல் வளையம் திரும்பவில்லை.

"இத ஒரு நாள் எடுத்துட்டுப் போகலாமா டீச்சர்?"

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர், பீமராவின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு.

* * *

மெயின்கார்டு கேட் பக்கத்துச் சந்தில் அழகர்சாமியின் விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டுகளுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் ஏர் ரைஃபிள் சாமான்கள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ரைஃபிள் பையை மார்போடு அணைத்தபடி வந்து இறங்கிய பீமராவைப் பார்த்து அழகர்சாமி, "வீணை ரிப்பேரா சார்? அது பெரிய கடை வீதியில" என்றார்.

"இந்த வீணை உங்க கடையில வாங்குனதுதான்" என்றாள் சம்ரீன்.

ஸ்கோப்பைப் பார்த்ததும் அழகர்சாமியின் சிரிப்பு மாறியது. "சண்முகசுந்தரம் சாரோடது. கிடைச்சிட்டாரா?"

"இல்ல. கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"புதன்கிழமை. பழைய பத்து மடங்கு ஃபிக்ஸட்டக் கொண்டாந்தாரு. அதக் கொடுத்துட்டு முப்பத்திரண்டு மடங்கு போற ஜூம் எடுக்கணும்னாரு. இப்ப மாட்டியிருக்கறது இருபத்திநாலு வரைக்கும்தான் போகும். என்கிட்ட இல்ல, வரவழைக்க ஒரு மாசமாகும்னேன். ஒரு மாசம் தாங்காதேன்னாரு. எது தாங்காதுன்னு நானும் கேக்கல."

"நம்பர்ல கறுப்பு அடிச்சது?"

"வாங்குன புதுசுல என்னைத்தான் கேட்டாரு, நம்பர் தெரியாம பண்ணித் தர முடியுமான்னு. நம்பரப் பாக்கத்தான் ஜூமே வாங்குறாங்க, இவரு அத மறைக்கச் சொல்றாரேன்னு நான் சிரிச்சுட்டேன். அவரே வீட்டுல அடிச்சுட்டாரு போல."

"கண்ணு ரொம்ப மங்கிடுச்சாமே அவருக்கு?" என்றாள் சம்ரீன்.

"யாருக்கு? நல்லாச் சொன்னீங்க. புதன்கிழமை இதே இடத்துல ஒரு ஸ்க்ரூவக் கீழ போட்டுட்டேன். எள்ளு மாதிரி இருக்கும். மொசைக் தரை. நானும் பையனும் டார்ச் அடிச்சுத் தேடுறோம். அவரு நின்ன இடத்துலேர்ந்தே, அந்த மேஜைக் கால் பக்கத்துலன்னாரு. கண்ணாடிகூடப் போடல."

வெளியே வந்ததும் சம்ரீன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்றாள்.

"பொண்டாட்டிகிட்ட கண்ணு மங்குதுன்னு பொய் சொல்லியிருக்காரு. நம்பர மறைச்சிருக்காரு. பெரிய பவரு கேட்டிருக்காரு. இன்ஸ்பெக்டர் பக்கம்தான் தராசு சாயுது சார்."

"கிளப்புக்குப் போ" என்றார் பீமராவ்.

* * *

மண்ணச்சநல்லூரைத் தாண்டி, ஓடாத ஒரு ரைஸ் மில்லின் நீளக் கொட்டகைதான் கிளப். ஒரு பக்கம் மேஜைகள். இருபத்தைந்து மீட்டர் தள்ளி, மணல் மூட்டைகளுக்கு முன்னால் அட்டைகள். வாசலில் கான்ஸ்டபிள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க உயிருக்குப் பாதுகாப்பு பலமா இருக்கு சார்" என்றாள் சம்ரீன் ஜெய்சங்கரிடம்.

ஜெய்சங்கர் சிரிக்கவில்லை. ஐம்பது வயசு, கறுத்துக் களைத்த முகம். இரண்டு நாளாகத் தூங்காதவர் போலிருந்தார்.

பீமராவ் ரைஃபிளை ஒரு மேஜையில் வைத்தார். "இங்க எத்தனை தூரத்துல சுடுவாங்க?"

"ஒரே தூரம்தான். இருபத்தஞ்சு மீட்டர்."

"வேற எங்கயாவது போய்ச் சுட்டிருக்காங்களா அவங்க ரெண்டு பேரும்?"

"இல்ல சார். இங்க மட்டும்தான்."

பீமராவ் வளையத்தை ஒட்டிய புள்ளிகளைக் காட்டினார். "தூரத்துக்கு ஒரு புள்ளி வெச்சிருக்காருன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவாரு. ஆனா தூரம் மாறவே இல்லையே. வாரா வாரம் அதே மேஜை, அதே அட்டை. அப்பறம் எதுக்கு ஒவ்வொரு புள்ளியா மேல ஏறிக்கிட்டே போகணும்?"

பீமராவ் சம்ரீனைக் கூப்பிட்டு ஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து ஒரு கண்ணை வைத்தாள். எதிர் அட்டையில் சட்டைப் பொத்தான் அளவே இருந்த கறுப்பு வட்டம் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அவளுடைய மூச்சுக்கே அது ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"ஆத்தாடி, இவ்வளவு பெருசாவா? வாசக்கதவு மாதிரி நிக்குது."

"தூரம் மாறல, கண்ணு மாறிக்கிட்டு வந்திருக்கு. கண்ணு மங்க மங்க வட்டத்தப் பெருசாக்கி ஈடுகட்டியிருக்காரு. இப்ப வளையம் முட்டிடுச்சு. அதனாலதான் முப்பத்திரண்டு கேட்டு அலைஞ்சிருக்காரு."

"ஆனா அவரு கண்ணுதான் எள்ளு ஸ்க்ரூவக் கண்டுபிடிக்குதே சார்."

"ஆமா" என்றார் பீமராவ். "டீச்சர் உன் முகத்தப் பாத்துப் பேசுனாங்களா, சம்ரீன்?"

"இல்ல, என் கம்மலத்தான்" என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

டம்ளர் விளிம்பில் மடக்கி வைத்த விரல் அவளுக்கு நினைவு வந்தது. பீமராவின் தோளுக்கு மேலே டீச்சர் பார்த்த பார்வையும். தன் கம்மலை அவர் பார்க்கவே இல்லை. தன் முகத்தைப் பார்க்கத்தான் காதுப் பக்கம் பார்த்திருக்கிறார்.

"சில பேருக்குப் பார்வையோட நடு மட்டும் அழிஞ்சுக்கிட்டே வரும்" என்றார் பீமராவ். "ஓரம் இருக்கும். நேராப் பாத்தா இருட்டு. கொஞ்சம் விலகிப் பாத்தாத்தான் ஆளு தெரியும். என் அத்தைக்கு இருந்துச்சு." பிறகு ஜெய்சங்கர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜெய்சங்கர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா சந்தேகம் சார். போன ஞாயித்துக்கிழமை டீச்சர் பக்கத்து ஆளோட அட்டைய சுட்டுட்டாங்க. அவங்களுக்கு அது தெரியவே இல்ல. நான் சண்முகசுந்தரத்தத் தனியாக் கூப்பிட்டு, இனிமே டீச்சர் சுடக் கூடாது, நானே பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன்னேன். அதுக்குத்தான் அப்படிக் கத்துனாரு. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னே, உன்ன விடமாட்டேன்னாரு. கத்தி முடிச்சுட்டுக் கையப் பிடிச்சுக்கிட்டாரு. அவளுக்குக் கண்ணு போறது அவளுக்கே தெரியாது, நான் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாக்கித் தரேன், அவ பழைய பத்துலயே சுடறதா நெனச்சுக்கிட்டிருக்கா, இந்த மாவட்டப் போட்டி வரைக்கும் விட்டுடுன்னு கெஞ்சினாரு. வெளியில யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. போலீஸ் கேட்டப்பவும் அந்தச் சத்தியந்தான் வாயக் கட்டிடுச்சு."

"இந்தப் பக்கம் முப்பத்திரண்டு மடங்கு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார் பீமராவ்.

"வீரமலைகிட்ட இருந்துச்சு. நம்ம பழைய மெம்பர். உப்பிலியபுரத்துல விவசாயம். இப்ப வர்றதில்ல."

ஜெய்சங்கரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமாங்க, வியாழக்கிழமை வந்தாரு" என்றது வீரமலையின் குரல். "அவரோட பழைய பத்த எனக்குக் கொடுத்துட்டு முப்பத்திரண்ட எடுத்துக்கிட்டாரு. சாப்ட்டுட்டுப் போங்கன்னேன். வேணாம், டீச்சர் வீட்டுல தனியா இருக்காங்க, பொழுதோட போயிடணும்னாரு. நானே வண்டியில கொண்டுபோய் பஸ் ஏத்தி விட்டேன். நெஞ்ச ஒரு மாதிரி தடவிக்கிட்டே இருந்தாரு. என்னன்னு கேட்டேன். காலையில சாப்ட்ட பூரிதான்னாரு. ஏங்க, வீடு வந்து சேரலையா?"

உப்பிலியபுரத்திலிருந்து பஸ் துறையூர் வழியாக வரும். பீமராவ் கொட்டகைக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று போன்மேல் போனாகப் பேசினார். சம்ரீன் தூரத்திலிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவர் தன் இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைத் தானே பார்த்தார். பிறகு போனை இறக்கினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது ஒரு பெரியவர் சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். கண்டக்டரும் பயணிகளும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள். அதற்குள் உயிர் இல்லை. பெயர் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. இடது கையில் ஒரு விரலுக்கு நுனி இல்லை. மடியில் துணிப்பை, பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு கறுப்புக் குழாய்.

சம்ரீன் மேஜைமேல் இருந்த ரைஃபிளைப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

* * *

இந்த முறை பீமராவ் கார் எடுத்திருந்தார். டோல்கேட் தாண்டும்போது சொன்னார்: "அவரு போயிட்டத மட்டும் சொல்லுவோம். கண்ணு விஷயம் வேணாம். அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டு மறைச்சு வெச்சத இன்னிக்கே நாம போய் உடைக்க வேணாம்."

"சரி சார்" என்றாள் சம்ரீன்.

அல்போன்சா டீச்சர் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் உடனே பேசாமல் நின்றதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். பீமராவ் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, எதிரே அமர்ந்து, மெதுவாகச் சொன்னார். பஸ், துறையூர், நெஞ்சுவலி. வலி ரொம்ப நேரம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

டீச்சர் அழவில்லை. கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை மட்டும் விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"பையில என்ன இருந்துச்சு?"

"பழைய ஸ்கோப்தான் டீச்சர். சும்மா யாருகிட்டயோ காட்டறதுக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு."

"பொய் சொல்லாதீங்க சார். இருபத்திநாலு முட்டுனா அடுத்தது முப்பத்திரண்டுதானே?"

பீமராவின் முகத்தில் அப்படி ஒரு திகைப்பைச் சம்ரீன் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் டீச்சர். "அவருக்கு முந்தியே தெரியும். தனியாப் போய் டாக்டரப் பாத்துட்டு வந்தேன். நடுப்பார்வை போயிடும், ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டாங்க. அவருகிட்ட சொல்ல மனசு வரல. அப்பறம் ஜூம் வாங்கிட்டு வந்து, எனக்குக் கண்ணு மங்குதுன்னு சொன்னாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, கண்டுபிடிச்சுட்டாருன்னு. அந்த வளையத்துல சின்னதா ஒரு மேடு இருக்கும். துப்பாக்கிய வாங்குறப்போ கட்டைவிரல்ல தட்டுப்படும். முதல்ல என் பக்கம் இருந்துச்சு. வாரா வாரம் அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருந்துச்சு. கை சொல்லிடும் சார். எத்தனை வருஷமாத் துப்பாக்கியப் பிடிச்ச கை."

"அப்ப ஏன் டீச்சர்..." என்று ஆரம்பித்தாள் சம்ரீன்.

"சந்தோஷமா இருந்தாரும்மா. நான் நல்லாச் சுட்டுட்டா சின்னப் பையன் மாதிரி நடப்பாரு. என்ன ஏமாத்திட்டாராம். அந்த சந்தோஷத்தப் போய் நான் எதுக்குப் பறிக்கணும்? அவரு எனக்காக நடிச்சாரு. நான் அவருக்காக நடிச்சேன்."

கைகளை மடியில் போட்டுக்கொண்டார். குரல் அப்போதுதான் உடைந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வளையம் முட்டிக்கிச்சு. அவரு அதத் திருப்பித் திருப்பிப் பாக்கறது எனக்குக் கேட்டுச்சு. பின்னாடி மூச்சக்கூட விடாம நின்னாரு. நான் ஒண்ணும் தெரியாமத்தான் சுட்டேன். அன்னிக்கே போதுங்க, வீட்டுக்குப் போலாம்னு சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுஷன் அந்த பஸ்ல ஏறியிருக்கவே மாட்டாரு."

"எங்க இருந்திருந்தாலும் வந்திருக்கும் டீச்சர்" என்றார் பீமராவ். சொன்ன வார்த்தை அவருக்கே போதவில்லை என்பது அவர் தலையைக் குனிந்துகொண்டதில் தெரிந்தது.

* * *

துறையூர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஊழியர் துணியை விலக்கினார். டீச்சர் ஒரு கையால் சம்ரீனின் முழங்கையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் அந்த நுனியில்லாத விரலைத் தேடி எடுத்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கஷ்டம்தாம்மா. ஆனா பாத்துச் சொன்னாத்தான் எழுத முடியும்" என்றார் ஊழியர்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் டீச்சர்.

ரொம்ப நேரம் அப்படியே நின்றார். ஊழியர் அவசரப்படுத்த வாயெடுத்தபோது சம்ரீன் வேண்டாமென்று தலையசைத்தாள்.

சாயங்காலம் வேனில் உடலை ஏற்றினார்கள். முன்சீட்டில் உட்காரச் சொன்னார் டிரைவர். டீச்சர் கேட்கவில்லை, பின்னால் அவர் கூடவேதான் வருவேன் என்று ஏறிக்கொண்டார். சம்ரீனும் ஏறினாள். பீமராவின் கார் பின்னால் வந்தது. பேச்சுக்கென்றே பிறந்தவள் என்று பெயரெடுத்த சம்ரீன், ஊர் தாண்டியும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப அமைதியா இருக்கியேம்மா" என்றார் டீச்சர்.

"என்ன பேசறதுன்னு தெரியல டீச்சர்."

"அவரும் பேச மாட்டாரு. கல்யாணமான புதுசுல, இவரு ஊமையோன்னு எங்கம்மா கேட்டாங்க. ஆனா ஒரு வருஷமா பஸ்ல போனா வழியில வர்ற போர்டெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே வருவாரு. விளையாட்டுக்குப் படிக்கிற மாதிரி. பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. எனக்காகத்தான்னு எனக்குத் தெரியும். இந்த ரோட்டுல அவரு ஒண்ணு விடமாட்டாரு."

சம்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண் கலங்கி எழுத்து ஓடியது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"புலிவலம்" என்று படித்தாள். குரல் சரியாக வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடி படித்தாள். "புலிவலம். மாட்டுத் தீவனம் கிடைக்கும். பழைய பேட்டரி வாங்கப்படும். எட்டாவது வரை டியூஷன் எடுக்கப்படும்."

டீச்சர் தலையை அசைத்தார். ஒரு கை துணிக்கு மேல் இருந்தது.

"டயர் பஞ்சர். இளநீர். இங்கே குப்பை கொட்டாதீர். கீழ குப்பை கொட்டியிருக்காங்க டீச்சர். அரிசி மொத்த வியாபாரம். சில்லறையும் உண்டு. மெதுவாகச் செல்லவும், பள்ளிக்கூடம்."

மண்ணச்சநல்லூர் வந்தது, ரைஸ் மில் பெயர்களையெல்லாம் ஒன்று விடாமல் படித்தாள். டோல்கேட்டில் ஓட்டல் போர்டுகள், கண் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒன்று, அதையும் தயங்கித் தயங்கிப் படித்துவிட்டாள்.

வேன் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் மணல்.

"இப்ப பாலம் டீச்சர். போர்டு ஒண்ணும் இல்ல."

"தண்ணி போகுதா?"

"ஓரமாக் கொஞ்சம் போகுது."

டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு, துணிக்கு மேலிருந்த கையை எடுக்காமல் இருந்தார். பாலம் முடிந்து, கடைகள் தொடங்கும் இடத்தில் முதல் போர்டு தெரிந்தது. சம்ரீன் அது கிட்டத்தில் வருவதற்காகக் காத்திருந்து, எழுத்து தெளிவானதும் படித்தாள்.